அம்மன் காசு

நம் கல்லூரி ஆண்டு மலருக்கு யாதேனும் எழுதித் தருக என்று தமிழ்ப் பகுதியின் பொறுப்பாசிரியர் கடிதம் விடுத்தபொழுது யான் சில நாள் வாளா இருந்தேன். பட்டம் பெற்று வெளிப்போந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும், மலரிலே பதிக்கத்தக்க பெருஞ்செயல் ஒன்றும் என் வாழ்வில் நிகழ்ந்ததில்லை. திருச்சிராப்பள்ளியில் ஓர் அச்சகத்திலே பிழை திருத்துவோனாக இருந்து காலங் கழிக்கின்றேன். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் என் மக்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் மூன்று நாள் சுற்றி வந்த வரலாறு ஒன்று உண்டு. அதன் முடிவில் யான் பெற்ற பிள்ளைகளின் முன்னே சிறிது தலை குனிய நேர்ந்தது. அதனையே எழுதத் துணிந்தேன்.

அக்கோடையில் உதகமண்டலத்திற்கு அழைத்துச் செல்வதாக அவர்கட்கு வாக்களித்திருந்தேன். பங்குனி மாதத்தில் அச்சகத்தில் வேலை சுருங்கி, எங்களுக்கெல்லாம் இரண்டு மாதம் பாதிச் சம்பளமே கிடைத்தமையால் அவ்வாக்கைக் காக்க இயலாதாயிற்று. மூத்தவள் பன்னிரண்டு வயதினள். மலைக்குப் போகும் செய்தியைத் தோழியர் அனைவர்க்கும் முன்னரே பறைசாற்றிவிட்டவள். போக இயலாது என்பதை அவளிடம் கூறியபொழுது அவள் அழவில்லை. "சரி அப்பா" என்று மட்டும் சொல்லி அப்பால் போய்விட்டாள். அழுதிருப்பாளாயின் எனக்குச் சிறிது எளிதாக இருந்திருக்கும்.

பள்ளிகள் திறக்குமுன் தைத்துக் கொடுக்கவேண்டிய சீருடைகள் வீட்டிலே குவிந்து கிடந்தமையால் என் மனைவிக்குத் தையற்பொறியை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த ஆயிரம் ரூபாயை எடுத்து என் கையில் தந்து, "இதற்குள் அடங்குமாறு எங்கேனும் அழைத்துப் போய் வாருங்கள், பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே மூலையிற் கிடக்கின்றன" என்றாள். என் அன்னையார், புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் பாதையில் ஐந்து கல் தொலைவிலுள்ள சிற்றூரிலே, நாங்கள் பிறந்த பழைய ஓட்டு வீட்டில் வாழ்கின்றார். உண்டிக்கும் உறையுளுக்கும் ஆங்குச் செலவில்லை. பேருந்துக் கட்டணமும் நுழைவுச் சீட்டுமே செலவு. ஒன்பது வயதுடைய என் மகனைப் பொக்கிஷதாரனாக நியமித்து, பணத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டையும் அவன் வசம் ஒப்புவித்தேன். பெரிய சமஸ்தானம் ஒன்றின் திவானைப்போல அவன் அன்று முதல் நடந்துகொண்டான்.

நிற்க. பிள்ளைகளுக்குக் காட்சிசாலை காட்டும் தொழிலில் யான் முன்னரே ஒருமுறை தோல்வியுற்றவன். ஒரு திருமணத்தின் பொருட்டுச் சென்னை சென்றிருந்த ஞான்று, 1851-இல் தொடங்கப்பெற்று இப்பொழுது எழும்பூரில் உள்ள பெரிய அருங்காட்சியகத்திற்கு இவர்களை அழைத்துச் சென்றேன். அதனைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகளை வைத்திருந்த காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் நம் முன்னோர் வழங்கினர். கொடுத்த காசுக்கு ஒரு பொருளும் தப்பலாகாது என்ற பேராசையால், ஒரே பிற்பகலில் எல்லா மண்டபங்களையும் காட்டி, ஒவ்வொன்றின் முன்னும் நின்று சொற்பொழிவாற்றினேன். அன்றிரவு, "எது நன்றாயிருந்தது?" என்று வினவியபொழுது, "வெளியே தண்ணீர் குடித்தோமே, அது" என்றாள் இளையவள். அன்று உண்மையில் செத்தவை பிள்ளைகளின் கால்களே.

அவ்வநுபவத்தால் அறிவு வந்துவிட்டதோவெனின், இல்லை. இம்முறையும் புறப்படுமுன் ஒரு நீண்ட பட்டியல் வரைந்தேன். 1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரத்துச் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை. ஏழாம் நூற்றாண்டின் கிரந்த எழுத்தில் இசையிலக்கணம் பொறிக்கப்பெற்ற குடுமியான்மலை. வட்டக் கருவறையுடைய விசயாலய சோழீச்சரம் விளங்கும் நார்த்தாமலை. மூன்றனுள் இரண்டே எஞ்சி நிற்கும் கொடும்பாளூர் மூவர் கோயில். நமணசமுத்திரத்து ஐயனாரின் மண் குதிரைகள். இவை யாவும் அப்பட்டியலில் அடங்கின. என் அன்னையார் எழுத்தறியார். யான் படிக்கக் கேட்டுவிட்டு, "மூன்று நாளில் இத்தனை ஊரா? இவை பிள்ளைகளா, தபால் பைகளா?" என்று வினவினார். பட்டியல் மூன்று இடங்களாகச் சுருங்கியது: திருக்கோகர்ணத்து ஆலயம், அதனை அடுத்துள்ள அரசு அருங்காட்சியகம், சித்தன்னவாசல். "வெள்ளிக்கிழமை அம்மனுக்கு உகந்த நாள், நானும் வருகின்றேன்" என்று அவரே முதல் நாளையும் குறித்துக் கொடுத்தார்.

வெள்ளியன்று காலை நகரப் பேருந்தில் ஏறினோம். 2021-ஆம் ஆண்டு முதல் இப்பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லையாதலின், என் அன்னையார்க்கும் பெண்மக்கள் இருவர்க்கும் செலவில்லை. எனக்கும் தனக்கும் மட்டும் சீட்டு வாங்கிய என் மகன், குறிப்பேட்டில் தொகையை எழுதி, அதன் அருகே, 'பெண்ணாய்ப் பிறந்தால் இலாபம்' என்று ஒரு குறிப்பும் வரைந்தான். அவன் தமக்கை அதைப் படித்துவிட்டு, மற்ற நஷ்டங்களையும் எழுதிக்கொள்ளுமாறு கூறினாள். மூன்று நாட்களுக்குப்பின் அவள் முகத்தில் சிறு நகை தோன்றியது அப்பொழுதுதான்.

அருங்காட்சியகத்தின் வாயிலை அடைந்தால் கதவு அடைத்திருந்தது. தமிழ்நாட்டில் அரசினர் அருங்காட்சியகங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை, நாள்தோறும் பிறர் பிழையைத் திருத்தும் யான் விசாரித்து அறிந்துகொள்ளவில்லை. பொக்கிஷதாரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மீண்டும் ஒருமுறை வருவதற்காகும் கட்டணம் அவன் கண்ணிலே தெரிந்தது. என் அன்னையாரோ சிறிதும் கலங்கினாரில்லை. "கண்ணாடிக்குள் இருப்பவை எங்கே ஓடிப் போகின்றன? வாருங்கள் கோயிலுக்கு" என்று முன்னே நடந்தார்.

திருக்கோகர்ணத்து இறைவர் கோயில் குன்றைக் குடைந்து அமைத்தது. அம்பிகை பிரகதாம்பாள், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அம்மன்னர்கள் தம்மை 'பிரகதாம்பாள் தாசர்' என்றே கூறிக்கொண்டனர். வெளியே அனல் வீசிக்கொண்டிருக்கக் கற்றளத்தில் கால் வைத்தவுடன் குளிர்ந்தது. குழந்தைகள் தூண்தோறும் ஓடிச் சிற்பங்களின் மீசையையும் குதிரைகளின் பல்லையும் எண்ணினர். யான் சரித்திரம் கூறத் தொடங்கவில்லை. கூற நாவெழவில்லை என்பதே உண்மை.

ஆங்கு மண்டபத்தில் அமர்ந்து என் அன்னையார் வெற்றிலை எடுப்பதற்காக இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்தபொழுது, சட்டைப் பொத்தான் அளவினதாகிய ஒரு செப்புக்காசு தரையில் விழுந்து உருண்டது. ஆறு வயதுடைய இளையவள் பாய்ந்து பிடித்தாள். அக்காசை எங்கள் வீட்டில் அனைவரும் அறிவோம். ஒரு புறத்தில் அமர்ந்த கோலத்து அம்மன். மறு புறத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல். பிள்ளைகள் அவ்வெழுத்தைப் பாம்பு என்றே நெடுநாள் எண்ணியிருந்தனர். "இஃது அம்மன் காசு. இருபது காசு கொண்டது ஓர் அணா. உங்கள் அப்பத்தாவின் முன்னோர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்துப் பெற்ற ஊதியத்தில் எஞ்சியது" என்று, என் தந்தையார் எனக்குக் கூறியவாறே யானும் கூறினேன். அன்னையார் வெற்றிலையை மென்றுகொண்டு வேறெங்கோ பார்த்தார். காசை வாங்கிப் பையில் இட்டுச் சுருக்கை இழுத்துக் கட்டினார்.

மறுநாள் சித்தன்னவாசல். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவில் உள்ளது. எங்கள் ஊரிலிருந்தோ பாதி வழிதான். ஆடு மேய்க்கும் சிறுவனாக அம்மலையை நாள்தோறும் கண்ட யான், நாற்பது வயது வரை அதன்மேல் ஏறியதில்லை. என் தந்தையாரும் ஏறியதில்லை. அயல்நாட்டார் கார் வைத்துக்கொண்டு வருவதைக் கண்டு, அஃது அவர்கட்கென ஏற்பட்டது என்று எண்ணி வாழ்ந்தோம். தொல்லியல் துறையின் காப்பிலுள்ள இவ்விடத்தில் பதினைந்து வயதுக்கு உட்பட்டார்க்குக் கட்டணமில்லை. எனவே யான் ஒருவனே சீட்டு வாங்கினேன். புளிச்சோறும் துவையலும் தூக்குப் பாத்திரத்தில் இருந்தன.

அறிவர் கோயில் என்னும் அச்சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பட்டிருக்கின்றது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் நீரில் திளைக்க, தாமரை கொய்வோர் தண்டோடு மலரைத் தோளிற் சார்த்தி நிற்கின்றனர். தூண்களிலே ஆடல் மகளிர். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தே, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை ஆங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. இவ்வளவையும் யான் ஒரே மூச்சில் ஒப்பித்து, "இப்பொய்கை சமவசரணத்தின் ஒரு பகுதி" என்று மேலும் விரித்துக்கொண்டு போகையில், கழுத்தை அண்ணாந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த இளையவள், "அந்த மீனுக்கு ஏன் பாதி உடம்பு இல்லை?" என்று வினவினாள். சுதை உதிர்ந்தவிடத்து மீனும் உதிர்ந்து போயிற்று. "மீதியைத் தின்றவர் யார்?" என்றாள் மறுபடியும். அக்கேள்விக்கு விடையாகக் காலம் என்று சொல்வதா, காற்று என்று சொல்வதா, அருமையறியாது உள்ளே புகுந்து வந்தவர்களின் கை என்று சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். அவள் எல்லா மீன்களையும் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

அங்கிருந்த காவலர் ஒருவர் எங்கள் நிலையைக் கண்டு புன்னகையோடு பிள்ளைகளை மட்டும் கருவறைக்குள் அழைத்தார். பேசாதிருக்குமாறு சைகை காட்டி, வாய் மூடியபடியே 'ம்' என்று நீண்ட ஒலி ஒன்றை எழுப்பினார். சுவர் நான்கும் தேன்கூட்டைப்போல் முரன்றன. மகன் திடுக்குற்று என்னைப் பார்த்தான். பிறகு மூவரும் மாறி மாறி ஒலித்தனர். மூத்தவள் கண்களை மூடிக்கொண்டு மூன்று முறை ஒலித்தாள். என் சொற்பொழிவுக்குப் பதில் மூச்சுக்கூட விடாதிருந்தவள்!

மலையின் மறுபுறத்தே ஏழடிப்பாட்டம் இருக்கின்றது. பாறையில் வெட்டிய பிடிகளைப் பற்றி ஒடுங்கிய வழியே சென்றால், இயற்கைக் குகையொன்றில் சமண முனிவர் கிடந்த 17 கற்படுக்கைகள் உள்ளன. தலையணைபோல் ஒரு மேடும் அவற்றிற் செதுக்கப்பட்டிருக்கின்றது. ஒரு படுக்கையைச் சுற்றிலும் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டதாகக் கருதப்பெறும் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் காணப்படுகின்றன. ஆங்கு யான் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு வாங்கியது. பிள்ளைகள் தாமே பேசிக்கொண்டனர். போர்வை உண்டா, மழை பெய்தால் சாரல் அடிக்காதா, குறட்டை விட்டால் அடுத்த படுக்கைக்காரர் என் செய்வார் என்றெல்லாம் ஆராய்ந்தனர். உண்ணும்பொழுது மகன் குறிப்பேட்டைத் திறந்து, அன்றைய செலவு மிகக் குறைவு என்று மகிழ்ச்சியோடு அறிவித்தான்.

ஞாயிறன்று மீண்டும் திருக்கோகர்ணம் சென்றோம். 1910-ஆம் ஆண்டில் சமஸ்தானத்தார் நிறுவிய அவ்வருங்காட்சியகம், அரசினர் அருங்காட்சியகங்களுள் சென்னையினதற்கு அடுத்த பெருமை வாய்ந்தது. சமஸ்தானமோ 1948 மார்ச் 3-ஆம் நாள் இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இம்முறை யான் எனக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: கேட்டாலன்றி வாய் திறப்பதில்லை. பிள்ளைகளுக்கும் ஒரு விதி: எல்லாவற்றையும் பார்க்க வேண்டா, ஆளுக்கொரு பொருளைத் தெரிந்து அதன்முன் அமர்ந்து வரைய வேண்டும். பழைய அச்சுப்படித் தாள்களின் வெற்றுப் பக்கமும் மூன்று பென்சில்களும் கொண்டு சென்றிருந்தேன். முழங்கால் வலியால் அன்னையார் வாயிலருகே அமர்ந்துவிட்டார்.

கற்களும் கனிமங்களும், பாடஞ்செய்த பறவைகளும் விலங்குகளும், இசைக்கருவிகளும், செப்புத் திருமேனிகளும் நிறைந்த கூடங்களின் வழியே விரைந்து சென்ற என் மகன், ஆயுதங்களின் முன்னே ஆணியடித்தாற்போல் நின்றான். எறிந்து தாக்கும் வளரியைப் பற்றி அவன் கேட்டமையால், அறிஞர் எட்கர் தர்ஸ்டனுக்குப் புதுக்கோட்டைத் திவான் எழுதிய குறிப்பில், சமஸ்தான ஆயுதசாலையில் வளரிகள் எப்பொழுதும் இருப்பில் வைக்கப்பெற்றிருந்ததாகக் கூறப்பட்டிருப்பதை மட்டும் சொன்னேன். விதியை மீறவில்லை; கேள்வி அவனது.

மூத்தவள் தெரிந்துகொண்டது முதுமக்கள் தாழி. வயிறு பருத்த அம்மட்கலத்தின் விளிம்பை மும்முறை அழித்து அழித்து வரைந்தாள். "இவற்றைப் போன்றவை இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றனவா?" என்று அவளாகவே வினவினாள். இம்மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டு நடைபெற்ற அகழாய்வில், சிறிய பொன் மூக்குத்தி ஒன்று மண்ணுக்கடியிற் கிடைத்த செய்தியைக் கூறினேன். அவள் பென்சிலை நிறுத்தினாள். "அதைத் தொலைத்தவள் எவ்வளவு தேடியிருப்பாள்! வீட்டில் என்ன சொல்லியிருப்பாள்!" என்றாள். அகழாய்வு அறிக்கைகள் பலவற்றுக்கு யான் பிழை திருத்தியிருக்கின்றேன். ஒரு நாளும் இக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

அவ்வேளையில், "அப்பத்தா காசு! அப்பத்தா காசு!" என்று இளையவளின் கூவல் மண்டபம் முழுதும் எதிரொலித்தது. ஓடிச் சென்று பார்த்தோம். நாணயங்களை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியினுள் அதே அம்மன் காசு. கூவல் கேட்டு வேறொரு குடும்பத்தாரும் அங்கு வந்து கூடினர். நல்லுடை உடுத்து, வெளியூர் வண்டியில் வந்தவர் போலும். அவர்களுள் ஒருவர், "உங்கள் வீட்டில் இக்காசு இருக்கின்றதா?" என்று வியப்போடு என்னை வினவினார். என் உள்ளம் பூரித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்காசுகள் இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரத்து ஆலையில் அச்சாகிக் கப்பலில் வந்தமையையும், என் அன்னையாரின் முன்னோர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தமையையும் எடுத்து விளக்கினேன். அவரும் மரியாதையோடு தலையசைத்தார்.

இதற்குள் இளையவள் தன் அப்பத்தாவைக் கைப்பற்றி இழுத்து வந்துவிட்டாள். என் அன்னையார் கண்ணாடியருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எவர் நிற்கின்றார் என்றும் கருதாமல், "உத்தியோகம் யார் பார்த்தது? இது நவராத்திரியில் அரிசியோடு ஏழைகளுக்குப் போட்ட காசு. என் ஆத்தாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கினேன்" என்றார்.

அங்கு ஒரு மௌனம் நிலவியது. வெளியூரார் மெல்ல அடுத்த பெட்டிக்கு நகர்ந்தனர். என் முகம் எப்படியிருந்தது என்பதை என் மூத்த மகளே அறிவாள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியானால் அரண்மனைக் கதை?" என்று கேட்டான் மகன்.

"உங்கள் ஐயா கட்டியது. சம்பந்திகள் ஒருமுறை இந்தக் காசைப் பார்த்து விசாரித்தார்கள். என்னை ஒருவரும் குறைவாக நினைக்கலாகாது என்று அவர் அப்படிச் சொல்லிவிட்டார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நானும் வாயைத் திறக்கவில்லை" என்றார். பின்னர்ச் சிறிது நேரம் கழித்து, "இவர்களே கண்ணாடிப் பெட்டியில் ராசா சாமானோடு வைத்திருக்கிறார்களே, இனி எனக்கென்ன!" என்றார்.

என் தந்தையார்மீது யான் குறை காண்பதெங்ஙனம்? இப்பயணத்திற்குப் புறப்படும்பொழுது எதிர்வீட்டார், "ஊட்டிக்கா?" என்று கேட்க, "பிள்ளைகளுக்குப் பழங்கலைகளிலே ஆர்வம் மிகுதி, ஊட்டி வேண்டா என்றுவிட்டார்கள்" என்று யான் மறுமொழி கூறியதும், என் மூத்த மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அருகிலேயே நின்றதும் அக்கணத்தில் என் நினைவுக்கு வந்தன.

வெளியே மரநிழலில் அமர்ந்தோம். என்னிடம் ஒரு கேள்வியும் கேளாத பிள்ளைகள் அப்பத்தாவைக் கேள்விகளாலே துளைத்தனர். வரிசை எவ்வளவு நீளம்? எப்படிப் போனீர்கள்? செருப்பு உண்டா? அரிசியை எதில் வாங்கினீர்கள்? அவரும் சளைக்காது சொன்னார். விடியுமுன் எழுந்து ஐந்து கல் நடந்ததையும், கூட்டத்தில் நசுங்காதிருக்க அவர் தாயார் அவரைத் தோளிலே தூக்கிக்கொண்டதையும், அரிசி தாயாருக்கும் காசு தமக்கும் என்று உடன்படிக்கை இருந்ததையும், அக்காசுக்குக் கடையில் ஒரு கை பொரியும் சிறு வெல்லத் துண்டும் கிடைத்ததையும் சொன்னார். அவர் பேச்சைச் செந்தமிழாக்கியதால் இங்கே பாதிச் சுவை போயிற்று. நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் மகனாக இருந்தும் இவற்றுள் ஒன்றையும் யான் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று அறிந்ததுமில்லை.

"அந்தக் காசுக்கு மட்டும் ஏன் பொரி வாங்கவில்லை?" என்றாள் இளையவள்.

"அடுத்த காசும் சேரட்டும், இரண்டு கை வாங்கலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் சமஸ்தானம் போய்விட்டது. பிறகு ஒரு நாள் கொண்டு போய் நீட்டினால், 'இது இனிமேல் செல்லாது பாப்பா' என்றுவிட்டார் கடைக்காரர். அழுதுகொண்டே வந்தேன்." இதனைச் சொல்லி அவர் நகைத்தார். ஒன்றுக்கும் உதவாத பொருளை 'அம்மஞ்சல்லி பெறாது' என்று எங்கள் பக்கத்தார் இகழ்வதுண்டு. அச்சொல்லை அவர் முன்னிலையில் யான் எத்துணை முறை வழங்கியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

மகள் தாழி வரைந்த தாளின் மறுபுறத்தைத் திருப்பி, அப்பத்தாவிடம் காசைக் கேட்டு வாங்கி, தாளின்கீழ் வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். அம்மன் உருவம் மங்கலாக எழுந்தது. அதனடியில், 'அப்பத்தா வரிசையில் நின்று வாங்கியது' என்று எழுதினாள். "பள்ளி திறந்ததும் தோழியர் கேட்டால் என்ன சொல்வாய்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பணம் இல்லை, ஊட்டிக்குப் போகவில்லை என்று சொல்வேன். பிறகு இதைக் காட்டுவேன்" என்றாள். எனக்காக யாதும் மறைத்துக் கூறவேண்டும் என்று அவள் கருதியதாகத் தெரியவில்லை.

பொக்கிஷதாரன் கணக்கை முடித்தான். மூன்று நாளைக்கும் பேருந்து, நுழைவுச் சீட்டு, கோயிலில் கற்பூரம், வழியிலே இளநீர் எல்லாம் போக, திருச்சிக்குத் திரும்பும் கட்டணத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நூற்றுச் சொச்சம் ரூபாய் மிஞ்சியது. அதனை அன்னையிடமே திருப்பித் தருவதா, குளிர்பானம் அருந்துவதா என்று மூவரும் ஆலோசித்தனர். முடிவில் இளையவளின் கட்சி வென்றது. கோயில் வாயிலருகே ஒரு கடையில் பொரியும் வெல்லமும் வாங்கி வந்து, முதற் பங்கை அப்பத்தாவின் கையில் வைத்தனர்.

பல்லில்லாத வாயில் அதனை ஊறவைத்துச் சிறிது நேரம் சுவைத்தார். "எப்படியிருக்கிறது?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டனர்.

"வெல்லம் பரவாயில்லை. பொரி அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிதாயிருக்கும்" என்றார்.